கயிறு பிடிப்பவரை முதலில் எழுதுங்கள்

வேம்பார் முதல் தூத்துக்குடி, காயல்பட்டினம், மணப்பாடு எனத் தெற்கே நீளும் முத்துக்குளித்துறைக் கரையைக் களமாகக் கொண்டு, பதின்வயதினருக்கான சூப்பர் ஹீரோ தொடர் எழுத முனையும் திரைக்கதையாசிரியர்களுக்கும், அவர்களோடு அமர்ந்து கதை பேசும் இயக்குநர்களுக்கும் இந்த மடல்.

சூப்பர் ஹீரோ எனப்படுபவர், இயல்பான மனிதருக்கு இல்லாத ஆற்றல் ஒன்றைப் பெற்று, அதை மறைத்தோ வெளிப்படுத்தியோ பிறருக்காகப் பயன்படுத்தும் கதைமாந்தர் ஆவார். அந்த ஆற்றல் எங்கிருந்து, யார் வழியாக, எந்த நிபந்தனையோடு அவரிடம் வந்தது என்பதைச் சொல்லும் பகுதியைத் தோற்றக்கதை என்று அழைக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளை நாயகராகக் கொண்ட தொடர்கள் தோற்றக்கதையைப் பெரும்பாலும் முதல் எபிசோடிலேயே தொடங்கிவிடுவதால், பின்னால் வரும் சண்டைகளும் திருப்பங்களும் எவ்வளவு செலவில் எடுக்கப்பட்டாலும், முதல் எபிசோடில் விட்ட குறையை அவை ஈடுசெய்வதில்லை. ஆகவே இம்மடல் முதல் எபிசோடைப் பற்றியது மட்டுமே. முத்துக்கடலில் இறங்கும் பிள்ளைக்கு எத்தனை பெரிய ஆற்றல் இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு முன், அந்தப் பிள்ளையின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவர் யார் என்பதை அது காட்டியாக வேண்டும் என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

தமிழ் வாசகருக்கு இவ்வகைக் கதை புதிதன்று. தூத்துக்குடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரிட்டனின் வேலியன்ட் இதழில் 1962-இல் தோன்றிய ஒரு பாத்திரத்தை இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் தமிழ்ச் சிறுவர்களின் கையில் சேர்த்தது. அந்த மாயாவி மறைந்து உலவ வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் மின்சாரம் தன் உடலில் பாய்வதைத் தாங்க வேண்டும் என்ற நிபந்தனை, அக்கதைக்கு இன்றும் மங்காத கவர்ச்சியைத் தருகிறது. 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான் நாடு முழுவதும் பார்க்கப்பட்டது. 2004-இல் சன் தொலைக்காட்சியில் வந்த மை டியர் பூதம் ஒரு சிறுவனையும் அவனோடு வந்து தங்கிய பூதத்தையும் வீட்டுக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. ஆயினும் இவற்றில் ஆற்றல் வெளியிலிருந்து வந்தது. விபத்தோ, தவமோ, பூதமோ அதைக் கொணர்ந்தது. நாயகர் பிறந்த வீட்டுக்கும் அந்த ஆற்றலுக்கும் இடையே கணக்கு வழக்கு எதுவும் இல்லை.

அந்தக் கணக்கை முதல் எபிசோடிலேயே திறந்து காட்டிய தொடர் என்ற வகையில் 2022 ஜூன் 8 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியான மிஸ் மார்வெல் கவனிக்கத்தக்கது. பிஷா கே. அலி எழுத்துப் பொறுப்பேற்று, ஆதில் எல் அர்பி, பிலால் ஃபல்லா ஆகிய இருவர் இயக்கிய அதன் முதல் எபிசோடில், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்ணான 16 வயதுக் கமலா கான், தான் வழிபடும் நாயகியான கேப்டன் மார்வெலைப் போல வேடமிட்டு, அவெஞ்சர்கான் என்ற ரசிகர் திருவிழாவில் நடக்கும் போட்டிக்குச் செல்ல ஆசைப்படுகிறாள். பெற்றோர் முதலில் மறுக்கிறார்கள். பின்னர் இரங்கி, தந்தையும் உடன் வருவதாக இருந்தால் போகலாம் என்கிறார்கள். உடம்பெல்லாம் பச்சை வண்ணம் பூசி, ஹல்க் என்ற பாத்திரத்தைப் போலச் சல்வார் உடையில் தந்தை ஆவலோடு வந்து நிற்கும்போது, மகள் அவமானத்தால் வெடித்து அவர் மனத்தை நோகடிக்கிறாள். இந்த எபிசோடின் உச்சக்காட்சி அவெஞ்சர்கான் மேடையில் நடப்பதாகவே பார்ப்போர் நினைப்பர். ஆனால் உண்மையான உச்சம், பச்சை வண்ணத்தோடு வாயடைத்து நிற்கும் அந்தத் தந்தையின் முகத்தில் இருக்கிறது. அதன்பின் மேடையில் எரியும் ஒளியைவிட அந்த முகமே நினைவில் தங்குகிறது.

இதே கதை முதலில் சித்திரக்கதையாக வந்தபோது ஆற்றலின் ஊற்று வேறாக இருந்தது. 2014-இல் ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த அந்நூலில், நகரின்மேல் கவியும் மர்மமான மூடுபனியால் கமலா உருமாறுகிறாள். முதல் உருமாற்றத்தில் அவள் தன் முகத்தை இழந்து பொன்னிறக் கூந்தலுடைய வெள்ளைக்காரப் பெண்ணாகிவிடுகிறாள். தொடரை உருவாக்கியவர்கள் மூடுபனியை நீக்கிவிட்டு, கராச்சியிலிருந்து பாட்டி அனுப்பிய பழம்பொருள் பெட்டிக்குள் கிடந்த ஒரு வளையலை வைத்தார்கள். தாய் அதைப் பயனற்றது என்று ஒதுக்கி வைப்பதும், மகள் வேடத்துக்கு அழகு சேர்ப்பதாக எண்ணி அதை எடுத்து அணிவதும், அந்த வளையல் 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது காணாமற்போன கொள்ளுப்பாட்டிக்கு உரியது என்று பின்வரும் எபிசோடுகளில் தெரியவருவதும் ஒரே இழையில் கோக்கப்பட்டுள்ளன. மூல நூலின் வாசகர் சிலர் இந்த மாற்றத்தைக் குறைகூறினர். வேறொருத்தியாக வேண்டும் என்ற ஏக்கம் உடம்பிலேயே வெளிப்பட்ட அந்தக் கூர்மை தொடரில் மழுங்கிவிட்டது என்பது நியாயமான குறையே. ஆனால் தொலைக்காட்சிக்கு இம்மாற்றம் நன்மையே செய்தது: ஆற்றல், தாய் மறைக்க விரும்பிய குடும்ப வரலாற்றின் சொத்தாக மாறியது; சொத்து என்றாலே கடனும் கூடவே வரும்.

இன்னொன்றையும் இந்த எபிசோடிலிருந்து திரைக்கதையாசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் கமலா காப்பாற்றுவது தன் பள்ளித்தோழியை. அத்தோழி ஆபத்தில் சிக்கியதோ கமலாவின் கட்டுப்பாடற்ற ஒளிவீச்சு அரங்கின் அலங்காரங்களைச் சிதறடித்ததால்தான். முதல் வீரச்செயலே தன்னால் விளைந்த சேதத்தைச் சரிசெய்வதாக அமைவதால், அவள்மீது பார்ப்பவருக்குப் பரிவும் ஐயமும் ஒருசேரத் தோன்றுகின்றன. எபிசோடின் பின்னொட்டில், அரசின் கண்காணிப்பு அமைப்பொன்றின் அலுவலர்கள் அவளுடைய காணொளியைப் பார்த்து அவளைத் தேடத் தொடங்குகிறார்கள். தூத்துக்குடியில் இத்தகைய காட்சியை எழுதுபவர் அதை வெறும் விறுவிறுப்பாகக் கையாள இயலாது. 2018 மே 22 அன்று தாமிர உருக்காலைக்கு எதிரான பேரணியின்போதும் மறுநாளும் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த நகரம் இது. பள்ளிப் பருவத்தை அப்போதுதான் முடித்த பிள்ளையும் அவர்களில் இருந்தார். காவல் வாகனம் ஒன்று தெருமுனையில் நின்றாலே இங்குள்ள பார்வையாளர் தம் சொந்த நினைவைக் கொண்டுவந்து காட்சியை நிரப்பிவிடுவார்; எழுதுபவர் அதைத் தெரிந்தே எழுத வேண்டும்.

அவெஞ்சர்கானுக்கு நிகரான ஒன்றைத் தேடி மால்களில் நடக்கும் வேடப் போட்டிகளை நாட வேண்டிய தேவை இம்மாவட்டத்தில் இல்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும் தசராவுக்கு மாலையிட்டு, விரதமிருந்து, கொடியேறிய பின் மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொண்டு, காளி, குறவன், குரங்கு, காவலர், அரசர் எனப் பல்லாயிரவர் வேடம் புனைந்து, ஊர் ஊராக வீடு வீடாகச் சென்று காணிக்கை பெற்று, அதைக் கோயிலில் செலுத்துகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் நிகழ, மறுநாள் காப்புக் களையப்படுகிறது. அமெரிக்க ரசிகர் திருவிழாவில் வேடம் என்பது விருப்பத்தின் வெளிப்பாடு. குலசேகரன்பட்டினத்தில் அது நேர்ச்சை, அதாவது நோய் தீர்ந்ததற்கோ குறை நீங்க வேண்டியோ தெய்வத்திடம் ஒப்புக்கொண்ட கடன். காளி வேடமிட்டவரைப் பெற்ற தாயே கைகூப்பி வணங்கும் அந்த நாள்களில், பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் விரதத்தை மீறியோ, பிறர் கட்ட வேண்டிய காப்பைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டோ கூட்டத்துக்குள் நுழைந்தால், அங்கேயே தோற்றக்கதை தொடங்கிவிடுகிறது. வேடம் களைந்த பின்னும் ஆற்றல் போகவில்லை என்றால் தொடர் தொடங்கிவிடுகிறது. அதே குலசேகரன்பட்டினத்தில் சிறிய செயற்கைக்கோள்களை ஏவுவதற்கான தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருப்பதால், அறிவியல் புனைவுக்கு ஆசைப்படுவோரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

தெய்வமும் கோயிலும் வேண்டாம் என்று கருதுவோருக்கு, கடலே ஒரு சூப்பர் ஹீரோவை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊதியத்துக்கு அமர்த்தியிருந்தது என்பதைச் சொல்லலாம். முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாக்கள் குளியாளர்களை, அதாவது மூச்சடக்கி மூழ்குபவர்களை, அணுகாதவாறு மந்திரத்தால் கட்டுபவர் ஒருவர் இருந்தார். கடல்கட்டி என்பது அவருக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிகளைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை விவரிக்கும் இடத்தில், எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கும் இருபதில் ஒரு பங்கு மீன்களைக் கட்டும் மந்திரக்காரருக்கும் போனதாகவும், பகலில் மட்டுமே செல்லும் அந்தக் கட்டு, இரவில் திருட்டுத்தனமாக எவரும் குளித்துவிடாதபடி மாலையில் அவிழ்க்கப்பட்டதாகவும் எழுதியுள்ளார். இலங்கைக் கரையில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி 1859-இல் வெளியான தம் நூலில் எழுதிய எமர்சன் டென்னென்ட், இந்த ஆற்றல் ஒரே குடும்பத்தில் வழிவழியாக வருவதாக நம்பப்பட்டது என்றும், மந்திரத்தின் பலன் ஓதுபவரின் சமயத்தைப் பொறுத்ததாகக் கருதப்படவில்லை என்றும், அந்நாளில் அக்குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்றும் குறிப்பிடுகிறார்.

இந்த இரண்டு குறிப்புகளுக்குள் ஒரு சூப்பர் ஹீரோவுக்கு வேண்டிய விதிகள் முழுவதும் அடங்கியுள்ளன: ஆற்றல் குருதிவழி வருகிறது; சமயத்தைக் கடந்து நிற்கிறது; சூரியன் சாய்ந்ததும் அவிழ்கிறது; அதற்குக் கூலி உண்டு; கூலி உண்டு என்பதாலேயே அரசருக்கும் வணிகருக்கும் அதன்மேல் கண் உண்டு. மந்திரம் உண்மையில் சுறாவைத் தடுத்ததா என்ற ஆராய்ச்சி இங்குத் தேவையில்லை. அவர் கடற்கரையில் நின்றால்தான் குளியாளர் நீரில் இறங்கினர் என்பது வரலாறு. மக்களின் அச்சத்தைத் தன் உடலில் ஏற்று நிற்பவர் என்ற பொருளில் கடல்கட்டியைவிடப் பொருத்தமான முன்னோடி தமிழ்த் தொடர் ஒன்றுக்குக் கிடைப்பது அரிது. கேரளத்தின் நீலி கதையை எடுத்துக்கொண்டு 2025-இல் வெளியான லோகா என்ற மலையாளப் படம், நாட்டார் கதையை அடித்தளமாக வைத்தே இவ்வகைப் படம் எடுக்கலாம் என்பதை மெய்ப்பித்துவிட்டதால், தயாரிப்பாளர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதும் முன்போலக் கடினமாக இராது.

இனிக் கயிற்றுக்கு வரலாம். கடலடியில் முத்துச்சிப்பிகள் கூட்டமாக வளரும் மேட்டுப்பரப்பு பார் எனப்படும்; பாரில் இறங்க அரசு அனுமதித்து நடத்தும் முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். கனமான கல்லொன்றைக் கட்டிய கயிற்றில் காலை ஊன்றிக் குளியாளர் பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்கு விரைந்து இறங்குவார். தரையைத் தொட்டதும் கல் மேலே இழுக்கப்படும். அவர் ஏறத்தாழ ஒரு நிமிட அளவுக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்தெடுப்பார். அந்த அசைவை ஒரு கணம் தாமதமாக உணர்ந்தாலும் கீழே இருப்பவருக்கு மூச்சில்லை. ஆகையால் மனைவியின் உடன்பிறந்தவனே கயிறு பிடிக்க வேண்டும், தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை அவன் பொறுக்கமாட்டான் என்று இக்கரையில் ஒரு பேச்சு வழங்குகிறது. எல்லாப் படகுகளிலும் அவ்வாறே நடந்ததா என்பது வேறு. உறவின் உறுதியைக் கயிற்றின் உறுதியாகக் கண்ட சமூகத்தின் மனம் அந்தப் பேச்சில் தெரிகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு மைத்துனன் ஏது? அப்படியானால் கயிறு யார் கைக்குப் போகும்: தாய்மாமனுக்கா, பகைமை பாராட்டும் சித்தப்பாவுக்கா, நீச்சல் தெரியாத பள்ளித்தோழிக்கா? முதல் எபிசோடின் பாதிக் கதை இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கே குளியாளருக்கு என்பது பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சலாபங்களின் வழக்கம். மீதி அரசுக்குச் சென்று ஏலம்போனது. சிப்பியைக் குவித்து அழுக வைத்து, புழுவும் ஈயும் மொய்க்கும் அந்தச் சதையை நீரில் அலசி வடித்த பின்னரே முத்து கிடைத்தது. பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இருப்பதில்லை. திரைப்படங்களில் சிப்பியைத் திறந்ததும் நீலப் பட்டின்மேல் வெண்முத்து மின்னுவதாகக் காட்டுவது வழக்கம். ஆனால் சலாபம் நடந்த கரைகளின் நாற்றம் அரசு அறிக்கைகளிலேயே இடம்பெற்ற செய்தியாகும். அந்த நாற்றத்தைப் பார்ப்பவர் உணரும்படி முதல் எபிசோடு எழுதப்பட்டால், பிள்ளையின் ஆற்றலும் அப்படித்தான், அழுகலைக் கையால் துழாவிப் பெற வேண்டியது என்பது சொல்லாமலே விளங்கும்.

காலக்கணக்கும் எழுதுபவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபமே கடைசி. அதன்பின் வணிக நோக்கிலான முத்துக்குளிப்பு இங்கு நடைபெறவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. முத்து சோதனைக்கூடத்தில் விளைந்தது, குளிப்பு நினைவாயிற்று. இன்று பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருக்கும் பிள்ளையின் தாத்தாவோ பூட்டனோதான் கடைசியாகக் கல்லில் கால் வைத்தவர். கமலாவுக்கும் அவள் கொள்ளுப்பாட்டிக்கும் இடையே கிடக்கும் தொலைவும் ஏறத்தாழ இதுவே; இந்தத் தொலைவில், வீட்டில் ஒரு பொருள் மட்டும் மிஞ்சியிருக்கும், அதன் பயனைச் சொல்ல ஆள் இருக்காது.

சங்கெடுக்க மூழ்கும் சங்குகுளி மட்டும் நிற்கவில்லை. தூத்துக்குடியின் திரேஸ்புரத்திலிருந்து செல்லும் தொழிலாளர்கள் இன்று படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துக் கடலடியில் நெடுநேரம் தங்குகிறார்கள். ஆழத்தின் அழுத்தத்தில் உடலுக்குள் கரையும் நைட்ரஜன், அவர்கள் விரைந்து மேலேறினால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கி முடக்கிவிடும். எவ்வளவு அவசரமானாலும் மெதுவாகத்தான் மேலேற வேண்டும் என்ற இந்த விதி, மேலே ஒருவர் ஆபத்தில் தவிக்கும்போது கீழே இருக்கும் நாயகரை எப்படி வாட்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், வில்லனைத் தேடி வேறு கிரகத்துக்குப் போக வேண்டியிராது.

சில எச்சரிக்கைகளும் இங்கு உரியவை. மக்ரூன் கடை, பொரித்த பரோட்டா, பனிமய மாதா பேராலயத்தின் முகப்பு, துறைமுகக் கிரேன் ஆகிய நான்கையும் டிரோனில் காட்டிவிட்டால் தூத்துக்குடி வந்துவிட்டதாக நம்பும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். நாயகர் பரதவர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை; முத்துக்குளித்தவர்களில் கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தனர், உப்பளத்தில் வெயிலோடும் உப்புநீரோடும் வேலைசெய்யும் பெண்களின் பிள்ளைகளும் இதே நகரத்தின் பள்ளிகளில் படிக்கிறார்கள். பெண்பிள்ளை கடலில் இறங்குவது கற்பனைக்கே ஒவ்வாது என்று யாரேனும் சொன்னால், வடக்கே இராமநாதபுரம் கரையில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களை அவர்களுக்குக் காட்டலாம். பேச்சுமொழியிலும் கவனம் வேண்டும்: திருநெல்வேலி வழக்கை அப்படியே கடற்கரை மக்களின் வாயில் வைப்பது பிழை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசைக்கொரு பெயரால் அழைக்கும் அவர்கள் பேச்சை, ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு, கொற்கை ஆகிய நாவல்களை வாசித்தவர்கள் ஓரளவு அறிவார்கள்; ஆனால் வாசித்தது மட்டும் போதாது.

ஆகவே இம்மடல் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. முதல் எபிசோடின் திரைக்கதையை எழுதி முடித்ததும், தொடரை வெளியிடும் தளத்தின் அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன், அதைத் திரேஸ்புரத்தில் சங்குகுளிப்போரிடமும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு மாலை முழுவதும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்கும் இடங்களையும், நீருக்கடியில் நடக்காது என்று தலையசைக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு திருத்துங்கள். அந்த மாலைக்கான கூலியை அவர்களுக்குக் கொடுங்கள். தொடரின் தொடக்க எழுத்துகளில், கதை ஆலோசகர்கள் என்ற இடத்தில், அவர்களின் பெயர்களைப் போடுங்கள்.